வரைபடம் சொல்லாத வரலாறு: வால்வு முன்பெருக்கியும் கையால் இணைத்த சுற்றுப்பலகையும்

பொறியியல் ஆய்வகத்தில் ஒரு நாளாவது நின்ற எவருக்கும் ‘பிரெட்போர்டு’ தெரியும். வெள்ளை நெகிழிக் கட்டை, வரிசை வரிசையாகத் துளைகள். அதற்கும் ரொட்டிக்கும் என்ன தொடர்பு என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. 1920களில் வானொலி ஆர்வலர்கள், ரொட்டி அறுக்கும் மரப்பலகையின்மேல் வால்வுகளையும் சுருள்களையும் திருகி, கம்பிகளால் இணைத்துப் பார்த்தார்கள். பிலடெல்பியாவின் அட்வாட்டர் கென்ட் நிறுவனம் மெருகேற்றிய மரப்பலகைமீது, மூடும் பெட்டி இல்லாமலே வானொலிகளை விற்றது. பலகை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

தமிழில் நாம் சொல்லும் ‘வால்வு’ என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. 1904இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் தம் கருவி மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுவதால், நீர்க்குழாயின் தடுக்கிதழை மனத்தில் கொண்டு அதற்கு அப்பெயரை இட்டார். அமெரிக்கர் ‘டியூப்’ என்றனர். நம் வானொலி பழுதுபார்ப்போர் பிரிட்டிஷ் பெயரையே எடுத்துக்கொண்டனர். எவரிடமிருந்து ஒரு தொழில் நமக்கு வந்தது என்பதற்கு அந்த ஒரு சொல்லே சான்று.

சொற்களில் வரலாறு தங்கியிருப்பதை மொழியியல் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே கண்ணோடு ஒரு பொருளை, அதாவது கையால் இணைத்த வால்வு முன்பெருக்கியின் சுற்றுப்பலகையை, வாசிக்க முடியுமா என்பதே இப்பதிவின் கேள்வி. மின்னணுவியல் வரலாறு பெரும்பாலும் மின்சுற்று வரைபடங்களைக் கொண்டே எழுதப்படுகிறது. யார் யாருடைய சுற்றைப் பின்பற்றினார்கள், எந்த மின்தடையின் மதிப்பை மாற்றினார்கள் என்பவையே அதன் செய்திகள். அந்த உறுப்புகள் எங்கே, எவ்வரிசையில், எவருடைய கையால் அமர்த்தப்பட்டன என்பது அதில் இடம்பெறுவதில்லை. அந்த அமைவு தனியாக வாசிக்கப்பட வேண்டிய இரண்டாவது பனுவல் என்பது என் வாதம்.

1. இரண்டு ஒழுங்குகள்

பிரெஞ்சு மொழியியலறிஞர் லூசியன் தெனியேர் மறைந்தபின், 1959இல், அவருடைய தொடரியல் பெருநூல் வெளிவந்தது. அதில் அவர் இரண்டு ஒழுங்குகளைப் பிரிக்கிறார். ஒன்று அமைப்பு ஒழுங்கு: எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்திருக்கிறது என்னும் உறவு. மற்றொன்று நேர்கோட்டு ஒழுங்கு: சொற்கள் வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை. பேசுவது என்பது முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது. உறவுகள் ஒன்றாக இருக்க, தமிழ் வினையை இறுதியில் வைக்கிறது. ஆங்கிலம் நடுவில் வைக்கிறது.

மின்சுற்று வரைபடம் அமைப்பு ஒழுங்கை மட்டும் சொல்கிறது. ‘இந்த மின்தேக்கி, முதல் வால்வின் ஆனோடையும் இரண்டாம் வால்வின் கிரிட்டையும் இணைக்கிறது’ என்பதோடு அதன் பேச்சு முடிகிறது. அந்தக் கம்பி இரண்டு அங்குலமா, பத்து அங்குலமா, எதன் அருகே செல்கிறது என்பது பற்றி அதற்குக் கருத்தில்லை. வரைபடத்தில் கோட்டுக்கு நீளமில்லை, தடையில்லை, அண்டைவீடும் இல்லை. பலகையில் இவை மூன்றும் உண்டு. வரைபடத்தைப் பலகையாக்குபவர் செய்வது தெனியேர் சொன்ன பேச்சு வேலையே. ஒரே சுற்றுக்குப் பல சரியான அமைவுகள் இருக்கலாம். தவறான அமைவுகளோ எண்ணற்றவை.

இரண்டுக்கும் ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். மொழியில் வரிசை பிறழ்ந்தால் கேட்பவர் பெரும்பாலும் ஊகித்துக்கொள்வார். எலெக்ட்ரான்கள் ஊகிப்பதில்லை. அமைவு பிறழ்ந்த பெருக்கி இரையும், அல்லது தானாக ஊளையிடும்.

2. மரப்பலகையிலிருந்து உலோகத் தட்டுக்கு

மரப்பலகைக் காலத்தில் இரண்டு ஒழுங்குகளுக்கும் இடைவெளி குறைவு. வரைபடம் இடமிருந்து வலமாகச் சென்றது. உறுப்புகளும் ஏறக்குறைய அப்படியே அமர்ந்தன. மின்சாரம் மின்கலங்களிலிருந்து வந்ததால், சூடேற்றும் இழையில் ஓடியது நேர்மின்னோட்டம். அருகே எந்தக் கம்பி சென்றாலும் பெருங்கேடு இல்லை.

1927இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் 227 போன்ற, மறைமுகமாகச் சூடேறும் கேத்தோடு கொண்ட வால்வுகள் சந்தைக்கு வந்தன. வீட்டு மாறுதிசை மின்சாரத்திலேயே வானொலி இயங்கலாயிற்று. மின்கலத் தொல்லை தீர்ந்தது. இரைச்சல் தொல்லை பிறந்தது. அமெரிக்காவில் வினாடிக்கு 60 முறையும், பிரிட்டனிலும் இந்தியாவிலும் 50 முறையும் முழுச் சுழற்சியை முடிக்கும் மாறுதிசை மின்னோட்டம், குறிப்பலை செல்லும் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே ஓடத் தொடங்கியது. அதோடு மரப்பலகையின் இடத்தை ‘சேசிஸ்’ எனப்படும் உலோகத் தட்டு பிடித்தது. வால்வுகள் மேலே நின்றன. கம்பிகளும் மின்தடைகளும் அடியில் மறைந்தன.

அந்த அடிப்பக்கமே முப்பது ஆண்டுக்காலம் மின்னணுவியலின் உண்மையான முகம். ஒரு மின்தடையின் ஒரு கால் வால்வின் அடிப்பாகத்தில், மறுகால் அருகிலுள்ள இணைப்புப் பட்டையில் எனப் புள்ளிக்குப் புள்ளி இணைப்பதே வழக்கம். கம்பி குறுகியது, அலைவெண் உயர்ந்த சுற்றுக்கும் ஏற்றது. ஆனால் திறமையாளர் ஒருவர் முழுக் கருவியையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அடுக்கின்மேல் அடுக்காகக் கட்டவேண்டும். அடியில் புதைந்த மின்தேக்கி பழுதானால் மேலிருப்பவை அனைத்தையும் பெயர்க்க வேண்டும்.

3. பலகை பிறந்த காரணம்

லியோ ஃபெண்டர் 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். பிறருடைய கருவிகளின் அடிவயிற்றைப் பல ஆண்டுகள் திறந்து பார்த்த பின்னரே கித்தார் பெருக்கிகளைச் செய்தார். 1950களில் அவருடைய நிறுவனப் பெருக்கிகளில் காணப்படும் பலகை, தடித்த நார் அட்டையால் ஆனது. அதில் பித்தளைக் கண்ணிகள், அதாவது செருப்பு நாடா கோக்கும் துளைக்கு இடும் வளையம் போன்றவை, பதிக்கப்பட்டிருக்கும். உறுப்புகளின் கால்களை மேலிருந்து கண்ணிக்குள் இறக்கி ஈயப் பற்று நிரப்பினால் இணைப்பு முடிந்தது.

இதன் பயன் ஒலியைவிட உழைப்பைச் சார்ந்தது. பலகையை வெளியே, மேசைமேல் வைத்து, உறுப்புகளை அடுக்கிப் பற்றுவைத்துவிடலாம். பின்னர் அதைச் சேசிசுக்குள் இறக்கி, வால்வுத் தாங்கிகளுக்கும் கட்டுப்பாட்டுக் குமிழ்களுக்கும் கம்பி இழுத்தால் போதும். ஒருவர் தலையில் இருந்த வேலை இரண்டு கட்டங்களாகப் பிரிந்தது. பிரிந்த வேலைக்குக் காகிதம் தேவைப்பட்டது. அதனால்தான் ஃபெண்டர் பெருக்கிகளுக்கு மின்சுற்று வரைபடத்தோடு அமைவுப் படமும் தனியாக வரையப்பட்டது: எந்தக் கண்ணியில் எந்த மதிப்பு, எந்தக் கம்பி எந்தத் தாங்கியின் எந்த முனைக்கு என்று காட்டும் படம்.

அந்த மேசைகளில் அமர்ந்து பற்றுவைத்தவர்களில் பலர் பெண்கள். மெக்சிகோ வழிவந்த குடும்பத்தினர் அவர்களுள் கணிசமாக இருந்தனர். பழைய ஃபெண்டர் சேசிசுகளுக்குள் ஒட்டுத்தாள் துண்டு ஒன்றில் லில்லி, லூபே என்று கையெழுத்தில் முதற்பெயர் மட்டும் இருப்பதைச் சேகரிப்பாளர்கள் அறிவார்கள். பெட்டிக்குள் ஒட்டிய வால்வு அட்டவணையில் இரண்டு எழுத்து முத்திரை உண்டு: முதலெழுத்து ஆண்டு, இரண்டாமெழுத்து மாதம், 1951 என்பது அகரவரிசையின் முதல் எழுத்து. முத்திரை பொருளின் நாளைச் சொல்கிறது. ஒட்டுத்தாள் ஆளைச் சொல்கிறது. மின்சுற்று வரைபடத்தில் இரண்டுமில்லை.

4. ஒரு முன்பெருக்கியை அடுக்கிப் பார்த்தல்

அமைவில் என்ன அறிவு இருக்கிறது என்பது ஒரு சிறு சுற்றை எடுத்தால் விளங்கும். ஆர்.சி.ஏ. 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் இசிசி83, ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு டிரையோடுகள் கொண்டது. ஒவ்வொன்றின் பெருக்கக் காரணி 100. ஆனோடில் 1 லட்சம் ஓம், கேத்தோடில் 1,500 ஓமும் அதற்கு இணையாக 25 மைக்ரோஃபாரடும், உள்ளீட்டில் 10 லட்சம் ஓமும் 68 ஆயிரம் ஓமும், இரு நிலைகளுக்கிடையே 0.022 மைக்ரோஃபாரடு மின்தேக்கி. பாடநூல் சுற்று இவ்வளவே. ஒரு நிலைக்குச் சுமார் 60 மடங்கு பெருக்கம் கிடைக்கும்.

முதல் விதி: உள்ளீடும் வெளியீடும் எதிரெதிர் முனைகளில். ஒவ்வொரு நிலையும் குறிப்பலையைத் தலைகீழாக்குகிறது. இரண்டு நிலை கடந்தால் அது மீண்டும் நேராகிறது. நிலைக்கு 50 மடங்கு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மொத்தம் 2,500. வெளியீட்டின் 2,500இல் ஒரு பங்கு காற்றுவழியே உள்ளீட்டுக்குத் திரும்பினாலே பெருக்கி தன் குரலைத் தானே பெருக்கி அலறும். ஆகவே பலகையில் குறிப்பலை ஒரு முனையில் நுழைந்து, திரும்பிப் பாராமல் மறுமுனையில் வெளியேற வேண்டும்.

இரண்டாம் விதி: கிரிட் கம்பி குறுகியதாக, தன் ஆனோடிலிருந்து விலகியதாக இருக்க வேண்டும். ஜான் மில்லர் 1920இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் இடையிலான மின்தேக்குத்திறன் அந்நிலையின் பெருக்கத்தால் பெருகித் தோன்றும். 12ஏஎக்ஸ்7இன் உள்ளே அது சுமார் 1.7 பிகோஃபாரடு, 60 மடங்குப் பெருக்கத்தில் அது நூற்றுக்கும் மேல் ஆகிறது. 68 ஆயிரம் ஓமோடு சேரும்போது ஏறக்குறைய 22,000 ஹெர்ட்சுக்கு மேல் ஒலி தேயும். மனிதக் காதுக்குக் கவலையில்லை. இரண்டு கம்பிகளைக் கவனமின்றி ஒட்டிவைத்து வெளியே இன்னும் ஒரு பிகோஃபாரடைச் சேர்த்துவிட்டால் அந்த எல்லை 14,000 ஹெர்ட்சுக்கு இறங்கிவிடும். எந்த உறுப்பும் மாறவில்லை. மின்சுற்று வரைபடத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. கருவியின் ஒலி மாறிவிட்டது. 68 ஆயிரம் ஓம் மின்தடையைப் பலகையில் வைக்காமல் வால்வுத் தாங்கியின் கிரிட் முனையிலேயே பற்றுவைக்கச் சொல்லும் வழக்கமும் இவ்வகை அக்கறையிலிருந்து வந்தது.

மூன்றாம் விதி: சூடேற்றும் கம்பிகளை இறுக முறுக்கிச் சேசிசின் மூலையில் ஒடுக்க வேண்டும். அவற்றில் ஓடுவது 6.3 வோல்ட்; உள்ளீட்டுக் குறிப்பலையோ சில மில்லிவோல்ட். அண்டைவீட்டுக்காரர் ஆயிரம் மடங்கு உரத்த குரலுடையவர். முறுக்கினால் இரண்டு கம்பிகளின் புலங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன.

நான்காம் விதி: புவி இணைப்பு. வரைபடத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒரே குறியீடு இருப்பதால், எல்லாப் புவிப் புள்ளிகளும் ஒன்றே என்று மாணவர் எண்ணுவர். பலகையில் அவற்றை இணைப்பது தடையுள்ள கம்பி. மின்வழங்கியின் வடிகட்டு மின்தேக்கிகளுக்குத் திரும்பும் மின்னோட்டம், முதல் நிலையின் புவிக் கம்பி வழியே சென்றால் அதுவும் குறிப்பலையாகிப் பெருகும். எனவே ஒவ்வொரு நிலையின் புவியும் தனக்கு மின்சாரம் தரும் மின்தேக்கியின் காலுக்கே திரும்பி, அங்கிருந்து வரிசையாகச் செல்லுமாறு வைப்பர்.

இவற்றையெல்லாம் கருதி, பலகையின் மேல்விளிம்பில் உயர் மின்னழுத்தம், கீழ்விளிம்பில் புவி, இடையில் நிலைக்கு ஒரு கட்டம் என்று கோடிட்ட தாளில் வரையத் தொடங்குவது நல்ல வழக்கம். தாங்கியில் 1, 2, 3 ஆகிய முனைகள் ஒரு டிரையோடின் ஆனோடு, கிரிட், கேத்தோடு. 6, 7, 8 மற்றதற்கு. 4, 5, 9 சூடேற்றும் இழைக்கு. இந்த எண்வரிசையைப் பார்த்துத்தான் பலகையின் கண்ணிகள் இடம்பிடிக்க வேண்டும். தாங்கியைச் சிறிது சுழற்றினாலே இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டாமல் போகலாம். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், ஒரு கம்பியைப் பலகையின் அடியில் விடலாம், அல்லது இரண்டும் செங்கோணத்தில் கடக்கச் செய்யலாம். சார்புத் தொடரியலில் கோடுகள் வெட்டாத மரங்களைத் தனியாக வகைப்படுத்துவதை அறிந்த மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானதாகவே தோன்றும்.

5. ஒரே சுற்று, இரண்டு பலகைகள்

லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் இசைக்கருவிக் கடை நடத்தினார். 1960களின் தொடக்கத்தில் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கிய ஜேடிஎம்45 பெருக்கி, ஃபெண்டரின் 5எஃப்6-ஏ பாஸ்மேன் சுற்றைப் பெரிதும் பின்பற்றியது. மின்சுற்று வரைபடங்களை மட்டும் அருகருகே வைப்பவர், ‘படியெடுத்தார்கள்’ என்று ஒரே சொல்லில் வரலாற்றை முடித்துவிடுவார்.

பருப்பொருளைப் பார்ப்பவருக்கு இவ்வளவு எளிதாக முடிவதில்லை. ஃபெண்டரின் முதல் வால்வு 12ஏஒய்7, பெருக்கக் காரணி சுமார் 44. மார்ஷல் அங்கே வைத்தது 100 கொண்ட இசிசி83. ஃபெண்டர் பாஸ்மேனில் சேசிசு ஒலிபெருக்கிப் பெட்டியின் மேற்பகுதியில் தொங்கியது. வால்வுகள் தலைகீழாக நின்றன. மார்ஷலில் பெருக்கி தனிப்பெட்டி, சேசிசு அலுமினியம், வால்வுகள் நிமிர்ந்து நின்றன. ஃபெண்டரின் நார் அட்டைக்கும் கண்ணிக்கும் பதிலாக, மார்ஷல் பெருக்கிகளில் சிறு உலோகத் தூண்கள் பதித்த ‘டரெட்’ பலகை இடம்பெற்றது. பிரிட்டனில் கிடைத்த பொருளும், அங்கு பழகிய கையும் அமைவைத் தீர்மானித்தன.

இரண்டு பலகைகளும் வெவ்வேறு விதமாக மூப்படைகின்றன. நார் அட்டை மெழுகில் ஊறியது. ஆயினும் ஆண்டுகள் பல கடந்தபின் ஈரத்தை உறிஞ்சி, கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிடக்கூடும். பழைய பெருக்கிகளில் கேட்கும் சில பொருமல்களுக்குக் காரணமான உறுப்பு வரைபடத்தில் இல்லாததாலேயே கண்டுபிடிக்க முடிவதில்லை: குற்றவாளி பலகையே. ஒரே இலக்கணத்தை இரண்டு வட்டார வழக்குகள் பேசுவதைப் போன்றது இது. வட்டார வழக்கைப் ‘படி’ என்று எந்த மொழியியலாளரும் எழுதமாட்டார்.

6. பின்னால் வருபவருக்கு எழுதியது

அமைவு என்பது செய்பவருக்கு மட்டும் உரியதன்று. பின்னொரு நாள் திறப்பவருக்கும் உரியது. இதை நன்கு உணர்ந்த இரு நிறுவனங்களைச் சொல்லலாம்.

மிச்சிகனின் ஹீத்கிட் நிறுவனம் 1947இல் அலைவுநோக்கி ஒன்றை உதிரிப்பாகங்களாக விற்கத் தொடங்கி, பின்னர் முன்பெருக்கிகளையும் அப்படியே விற்றது. வாங்குபவர் பொறியாளர் அல்லர். அவருக்காக எழுதப்பட்ட கையேடுகள் தனி உரைவகையாகவே வளர்ந்தன. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சிறு வாக்கியம்; முன்னால் குறியிட ஒரு வெற்று அடைப்பு; பற்றுவைக்க வேண்டுமா, இப்போது வேண்டாமா என்பதற்கு ஒரு சுருக்கக் குறி; வைக்க வேண்டுமென்றால் அம்முனையில் எத்தனை கம்பிகள் இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண். எண் பொருந்தவில்லை என்றால் முந்தைய அடி ஒன்று தவறியிருக்கிறது என்று பொருள். ஏவல் வினைகளால் மட்டுமே ஆன அந்த உரைநடை, கைத்தொழிலின் மௌன அறிவை எழுத்தில் இறக்கிய அரிய முயற்சி. பனுவலாய்வு செய்வோர் அதை இன்னும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்றே எண்ணுகிறேன்.

ஒரிகன் மாநிலத்தின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், தன் அலைவுநோக்கிகளில் வெள்ளி பூசிய பள்ளங்கள் கொண்ட பீங்கான் பட்டைகளைப் பயன்படுத்தியது. சாதாரண ஈயப் பற்றை அதில் திரும்பத் திரும்ப வைத்தால் வெள்ளி கரைந்து, பட்டை பயனற்றுப் போகும். எனவே வெள்ளி கலந்த பற்றுக்கம்பியின் சிறு சுருளை ஒவ்வொரு கருவிக்குள்ளும் வைத்தே அனுப்பினார்கள். எங்கோ, என்றோ திறக்கப்போகும் முகமறியாத பழுதுபார்ப்பவருக்குச் செய்த உபகாரம் அது. உற்பத்தி செய்தவர், பழுதுபார்ப்பவரைத் தம் இணையாகக் கருதிய காலத்தின் சான்றும்கூட.

7. அச்சுப்பலகையும் ‘கைவேலை’ என்ற முத்திரையும்

வியன்னாவில் பிறந்த யூதப் பொறியாளர் பால் ஐஸ்லர் 1936இல் பிரிட்டனுக்குச் சென்றார். செப்புத் தகட்டை அரித்துச் சுற்றுகளை ‘அச்சிடும்’ முறைக்கு 1943இல் காப்புரிமை கோரினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் குண்டுகளுக்கான அண்மையுணர் திரிகளில் அச்சிட்ட சுற்றுகள் பயன்பட்டன. 1950களில் அவை வீட்டுக் கருவிகளுக்கு வந்தன.

இசைத்தட்டுக்கான முன்பெருக்கிகளிலேயே இரண்டு பாதைகளையும் காணலாம். 1950களின் இறுதியில் வந்த மாரன்ட்ஸ் மாடல் 7, ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் கொண்டது, கையால் இணைத்தது, விலை மிகுந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் டேவிட் ஹாஃப்லரின் டைனாக்கோ நிறுவனம் வெளியிட்ட பி.ஏ.எஸ்.-2, நான்கு 12ஏஎக்ஸ்7 கொண்டது. உறுப்புகள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட அச்சுப்பலகைகளோடு உதிரித்தொகுப்பாகவும் விற்கப்பட்டது. சில மாலைகளில் வீட்டிலேயே கட்டிவிடலாம். அமைவைப் பற்றி வாங்குபவர் சிந்திக்கத் தேவையில்லை. அதை நிறுவனம் ஒருமுறை சிந்தித்துச் செம்பில் பதித்துவிட்டது. ஆசிரியர், மாணவர், எழுத்தர் ஆகியோர் வீட்டுக்கும் நல்லிசை எட்டுவதற்கு அச்சுப்பலகை உதவியது என்பதை மறுக்க இயலாது.

எதிர்வினையும் உடனே எழுந்தது. சிகாகோவின் ஜெனித் நிறுவனம், தன் தொலைக்காட்சிகளில் அச்சுச் சுற்றுகள் இல்லை, கையால் இணைத்த சேசிசே உள்ளது என்று 1950களின் இறுதியிலும் 1960களிலும் விளம்பரம் செய்தது. ‘கைவேலை’ என்பது அதுவரை செய்முறை மட்டுமே. அப்போது விலைச்சொல் ஆகிவிட்டது. ஃபெண்டர் நிறுவனம் 1965இல் சி.பி.எஸ். கைக்குப் போனது, மார்ஷல் 1970களின் நடுவில் அச்சுப்பலகைக்கு மாறியது. அதற்குப் பின்பு, முந்தைய பலகைகள் சந்தையில் ஏறக்குறையப் புனிதப்பொருள்கள் ஆயின. இன்று கையால் இணைத்த பெருக்கி என்றாலே விலை பல மடங்கு.

இங்குதான் ஒரு முரண் இருக்கிறது. கையைப் புகழும் அந்த விளம்பரங்களில் கைக்குரியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. நிறுவனரின் பெயர், வால்வின் எண், மின்தேக்கியின் நிறம் எல்லாம் உண்டு. லில்லியும் லூபேயும் ஒட்டுத்தாளிலேயே இருக்கிறார்கள். அச்சுப்பலகை அவர்கள் வேலையை நீக்கியது; ‘கைவேலை’ வழிபாடு வேலையை வைத்துக்கொண்டு ஆளை நீக்கியது. ஒலி நன்றாக இருப்பதற்குக் காரணம் ‘கை’ என்ற மாயமன்று. மேலே கண்ட நான்கு விதிகளைப் பின்பற்றினால் அச்சுப்பலகையிலும் அமைதியான முன்பெருக்கி செய்ய முடியும். மீறினால் கையால் இணைத்ததும் இரையும். பழைய பலகையின் பெருமை வேறிடத்தில் உள்ளது: அதைத் திறந்து வாசிக்கலாம், ஓர் உறுப்பை மட்டும் மாற்றலாம், யாருடைய முடிவு எங்கே இருக்கிறது என்று விரல்வைத்துக் காட்டலாம்.

8. நம் பக்கத்துக் கேள்வி

இது அமெரிக்க, பிரிட்டிஷ் வரலாறு. ஆனால் அதன் முறையியல் கேள்வி நமக்கும் உரியது. பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பின்னாளில் வானொலி வால்வுகளையும் தயாரித்தது. அந்த வால்வுகள் அமர்ந்த வானொலிகளையும் கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளையும் திரையரங்கப் பெருக்கிகளையும் பல்லாண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர்கள் சிறுநகர்க் கடைகளின் பழுதுபார்ப்போர். அவர்கள் கம்பியை எப்படி ஒதுக்கினார்கள், கிடைக்காத உறுப்புக்கு மாற்றாக எதை எங்கே வைத்தார்கள், இரைச்சலுக்கு என்ன பெயர்களிட்டு அழைத்தார்கள் என்பவை எழுதப்பட்ட பக்கங்கள் மிகக் குறைவு. அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துவருகிறது.

களப்பணி தேடும் முதுகலை, ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய கருவி ஒன்று கைக்கு வந்தால் அதன் மாதிரி எண்ணையும் சுற்று வரைபடத்தையும் மட்டும் பதிவு செய்து நிறுத்திவிடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டத்தை அறிந்தவர் துணையோடு வடித்தபின், அடிப்பக்கத்தைப் படமெடுங்கள். கம்பிகளின் வழி, பற்றின் பழைமை புதுமை, பென்சில் குறி, ஒட்டுத்தாள் ஆகிய அனைத்தையும் குறியுங்கள். ஓலைச்சுவடியில் மூலத்தோடு ஏடெழுதியவரின் பிழையையும் ஓரக்குறிப்பையும் காப்பது நம் பதிப்புமரபு கற்ற பாடம். மின்சுற்று வரைபடம் மூலம் என்றால், பலகை அதன் ஏடு. ஏட்டை எறிந்துவிட்டு மூலத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வரலாறு, எழுதியவர் இருந்தார் என்பதையே மறந்துவிடும்.

உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில், வால்வுக் கருவிகளைப் பழுதுபார்த்தவர்கள் இருந்தால், அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களைப் பின்னூட்டத்தில் பகிருங்கள். ஒரு சொற்பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.